பதுளையை ஆண்ட மேஜர்: ரொஜர்ஸை மதிப்பிடுவது எப்படி?

பதுளை நகரில் உள்ள பரிசுத்த மாற்கு ஆலயம் ஓர் இராணுவ அதிகாரியின் நினைவாகக் கட்டப்பட்டது. இலங்கை ரைபிள் படைப்பிரிவின் மேஜரும், பதுளையின் உதவி அரசாங்க அதிபரும், மாவட்ட நீதிபதியுமான தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார், வயது 41. உடல் நுவரெலியாவில் புதைக்கப்பட்டது. நண்பர்களும் அபிமானிகளும் பணம் சேர்த்து எழுப்பிய ஆலயத்தைக் கொழும்பின் முதலாவது அங்கிலிக்கன் பிஷப் ஜேம்ஸ் சப்மன் 1857இல் அர்ப்பணித்தார். கல்லில் பொறிக்கப்பட்ட செய்தி இவ்வளவுதான். ஊர் வாயிலும் சுற்றுலா நூல்களிலும் வாழும் ரொஜர்ஸ் வேறு ஆள். ஆயிரத்து நானூறு யானைகளைச் சுட்டவர், தந்தத்தை விற்றுப் பதவி வாங்கியவர், செய்த பாவத்துக்கு வானமே தண்டித்தவர், புதைத்த பிறகும் கல்லறை மீது இடி விழ வைத்தவர் என்று அந்தக் கதை வளர்ந்துகொண்டே போகிறது. இந்தக் கதையின் சுவையில் முக்கியமான கேள்வி ஒன்று கேட்கப்படாமலே போய்விட்டது. படை, வரி, நீதி ஆகிய மூன்றையும் ஒரே மனிதனின் கையில் கொடுத்த ஆட்சிமுறை எது? அது ஏன் பதுளை அடங்கிய ஊவாவுக்கு வந்தது? அதன் பலனை யார் அனுபவித்தார்கள்? ரொஜர்ஸின் வாழ்வை அவர் சுட்ட யானைகளின் தொகையைக் கொண்டு அளப்பதை விடுத்து, வகித்த பதவிகளைக் கொண்டு அளக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்தப் பதவிக்கு ஒரு முன்கதை உண்டு. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது ஊவா பிரித்தானிய முடியின் கீழ் வந்தது. மூன்று ஆண்டுகூடச் செல்லவில்லை. 1817இன் பிற்பகுதியில் ஊவாவை அடுத்த வெல்லஸ்ஸவில் கிளர்ச்சி மூண்டது. நிலைமையை நேரில் பார்க்கப் போன பதுளையின் அரசாங்க முகவர் சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் அம்புக்குப் பலியானார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஊவாவின் திசாவை கெப்பெட்டிபொல மறுபக்கம் சேர்ந்துகொண்டார். அப்போது ஆளுநராக இருந்தவர் ஜெனரல் ரொபர்ட் பிரவுன்றிக். படைத் தளபதியும் அவரே. இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. ஊர்கள் எரிக்கப்பட்டன, நெற்களஞ்சியங்கள் அழிக்கப்பட்டன, மாடுகள் கொல்லப்பட்டன. 1818 நவம்பர் 26ஆம் திகதி கிளர்ச்சித் தலைவர்களான கெப்பெட்டிபொலவும் மடுகல்லையும் சிரச்சேதம் செய்யப்பட்டனர். பிரவுன்றிக்கின் மருத்துவராக இருந்த ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட நூலில் தம் பக்கத்தில் ஏறக்குறைய ஆயிரம் பேரும், வாள், நோய், பசி மூன்றுமாகச் சேர்ந்து கண்டியர் பக்கத்தில் பத்தாயிரம் பேர் வரையும் மாண்டிருக்கலாம் என்று கணித்தார். கிளர்ச்சிக்காரர் எவரும் எழுதிய கணக்கல்ல இது. வென்ற பக்கத்தின் மருத்துவர் எழுதியது. ஊவாவின் பிற்கால வரலாற்றைப் படிப்பவர் இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

கெப்பெட்டிபொலவைக் கொல்வதற்கு ஐந்து நாள் முன்பு, 1818 நவம்பர் 21ஆம் திகதி, பிரவுன்றிக் வெளியிட்ட பிரகடனம் கண்டிய மாகாணங்களின் ஆட்சியை மாற்றி அமைத்தது. உள்ளூர்ப் பிரதானிகள் அரசாங்க முகவர்களின் கட்டளைக்கு உட்பட்டவர்கள் ஆனார்கள். வரியைத் தண்டுவதும் வழக்கைக் கேட்பதும் முகவரின் வேலை ஆயின. நெல்லில் பத்திலொன்று வரி. அரசுக்கு விசுவாசமாக இருந்த சில பகுதிகளுக்கு அது பதினான்கில் ஒன்றாகக் குறைக்கப்பட்டது. வரி விகிதமே வெகுமதியாகவும் தண்டனையாகவும் பயன்பட்டது என்பது இதிலிருந்து தெரிகிறது. பதுளைக் கோட்டையில் துருப்பு இருந்தது. முகவருக்குப் பின்னால் அது எப்போதும் நின்றது. ஆகவே பதுளையில் பின்னர் ஒரு மேஜர் வந்து வரி தண்டி, வழக்குக் கேட்டு, படையையும் பார்த்துக்கொண்டது தற்செயலான ஏற்பாடல்ல. போரின் நடுவே பிறந்த ஆட்சிமுறை போர் முடிந்தபின்னும் கலையாமல் நின்றதன் விளைவு அது. கிளர்ச்சி மறுபடி மூளுமோ என்ற அச்சம் ஆளுவோரை விட்டுப் போக ஒரு தலைமுறைக் காலம் எடுத்தது.

இந்த ஏற்பாடு சரியல்ல என்பது அக்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. கோல்புறூக், கமரன் ஆணையாளர்கள் இலங்கை முழுவதையும் ஆராய்ந்து அளித்த அறிக்கைகளின் பேரில் 1832இல் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது; 1833இல் கண்டியும் கரையோரமும் ஒரே நிர்வாகமாக்கப்பட்டு ஐந்து மாகாணங்கள் வகுக்கப்பட்டன; அதே ஆண்டின் நீதிப் பட்டயம் தீவெங்கும் மாவட்ட நீதிமன்றங்களை அமைத்தது. ஊவாவுக்குத் தனி மாகாணம் என்ற தகுதி 1886 வரை கிடைக்கவில்லை. பதுளை கண்டியைத் தலைநகராகக் கொண்ட மத்திய மாகாணத்தின் தொலைதூர மூலையாகவே இருந்தது. நீதித்துறை தனித்து நிற்க வேண்டும் என்பதே கமரனின் அறிக்கையின் சாரம். பதுளையில் நடந்ததோ வேறு: நிர்வாகியே நீதிபதி, நீதிபதியே படை அதிகாரி. ஆள் பற்றாக்குறை, செலவுச் சிக்கனம், தூரம் என்று இதற்குக் காரணம் சொல்லலாம், மூன்றும் உண்மைதான். ஆனால் சிக்கனத்தின் சுமை யார் தலையில் விழுந்தது என்று கேட்டால் விடை எளிது. வரியை விதித்தவர் மீது முறையிட வந்த விவசாயி அதே மனிதர் அமர்ந்திருந்த நீதிமன்றத்துக்குத்தான் வந்தாக வேண்டியிருந்தது. உயர் நீதிமன்றத்தின் சுற்றுப் பயணம் இருந்தது உண்மை. ஆனால் ஊவாவின் கிராமத்து மனிதனுக்குக் கண்டி எவ்வளவு எட்டத்தில் இருந்தது என்பதையும் சேர்த்தே அந்தப் பாதுகாப்பை எடைபோட வேண்டும்.

இனி யானைக் கதைக்கு வரலாம். அதை ஒதுக்கிவிட முடியாது. சாட்சியங்களைச் சோதித்துப் பார்த்தால் அதுவே பதவியைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. எண்ணிக்கை சொல்பவருக்குச் சொல்பவர் வேறுபடுகிறது. ஆயிரத்து இருநூறு என்பாரும் உண்டு, ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டுவாரும் உண்டு. பெரும்பாலோர் எடுத்தாளும் 1,400 என்ற எண்ணுக்கு வலுவூட்டியவர் எமர்சன் டெனன்ட். இலங்கை பற்றிய அவரது பெருநூல் 1859இல் வெளிவந்தது. அவர் குடியேற்றச் செயலாளராக இங்கே வந்து சேர்ந்தது 1845இன் இறுதியில். ரொஜர்ஸ் அதற்கு முன்பே இறந்துவிட்டார். எனவே டெனன்ட் எழுதியது கேள்விப்பட்டது. நேரில் கண்டவர் என்று சொல்லத்தக்கவர், பிரஷ்ய இளவரசர் வல்டெமருடன் 1844இன் இறுதியில் இங்கே வந்த மருத்துவர் வேர்னர் ஹொப்மைஸ்டர். ரொஜர்ஸின் வீட்டில் ஓர் அறை முழுவதும் தந்தம் நிறைந்திருந்ததாகவும், சுட்டவற்றில் கொம்பன்கள் அறுபதுக்குச் சற்று மேல் என்றும் அவர் குறித்தார். இவ்விரு சாட்சியங்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இலங்கையின் பெண் யானைகளுக்குத் தந்தம் இல்லை. ஆண் யானைகளிலும் பத்தில் ஒன்றுக்குக்கூட இல்லை. ஆயிரத்து நானூறில் பாதி ஆண் என்று கொண்டாலும் தந்தமுள்ளவை எழுபதைத் தாண்டுவது அரிது. ஹொப்மைஸ்டர் தரும் எண் இந்த அளவுக்குள் இயல்பாக அடங்குவதால் மொத்தத் தொகை வெறும் கற்பனை அல்ல என்று ஏற்கலாம்.

ஆனால் இதே கணக்கு, தந்தத்தை விற்று லெப்டினன்டாக இருந்தவர் கப்டனாகவும் மேஜராகவும் உயர்ந்தார் என்ற பகுதியைத் தளர்த்திவிடுகிறது. பிரித்தானியப் படையில் பதவியை விலைக்கு வாங்கும் வழக்கம் 1871 வரை இருந்தது. காலாட்படையில் லெப்டினன்ட் பதவிக்கு அரசு விதித்த விலை 700 பவுண், கப்டனுக்கு 1,800, மேஜருக்கு 3,200. அதாவது லெப்டினன்ட் நிலையிலிருந்து மேஜராக உயர 2,500 பவுண் தேவை. அறுபது கொம்பன்களிலிருந்து அத்தொகையைத் திரட்ட ஒவ்வொன்றும் நாற்பது பவுணுக்கு மேல் தந்திருக்க வேண்டும். நாளுக்கு ஆறு பென்ஸ் கூலி பெற்ற கோப்பித் தோட்டத் தொழிலாளி அந்த நாற்பது பவுணைச் சம்பாதிக்க 1,600 நாள் உழைக்க வேண்டும். தந்தம் முழுவதையும் விற்றிருந்தாலே இந்தக் கணக்கு நிற்கும்; தந்தமோ வீட்டு அறையில் அடுக்கிக் கிடந்ததாக நேரில் கண்டவர் சொல்கிறார். எனவே தந்தமே பதவியை வாங்கித் தந்தது என்பதை விருந்துக் கதை என்று ஒதுக்குவதே நியாயம். கவனிக்க வேண்டியது வேறொன்று: ஒரு மாவட்டத்தின் நீதிபதி அந்த மாவட்டத்துக் காட்டின் செல்வத்தைத் தன் வீட்டில் குவித்து வைத்திருந்ததை, விருந்தினரும் சரி, மேலதிகாரிகளும் சரி, கேள்வி கேட்பதற்குரிய விடயமாகக் கருதவில்லை.

யானை வேட்டைக்கு ஆதரவாக முன்வைக்கப்படும் வாதம் வலுவானது: யானை அன்று பயிருக்குப் பகை, அரசே அதன் தலைக்கு விலை வைத்திருந்தது, விவசாயி ரொஜர்ஸை வாழ்த்தியிருப்பான். வெகுமதி கொடுத்தது உண்மை. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளும், 1851 முதல் 1856 வரை தென் மாகாணத்தில் 2,000 யானைகளும் வெகுமதிக்காகக் கொல்லப்பட்டன என்று டெனன்ட் பதிந்திருக்கிறார். நெல்லும் குரக்கனும் நாசமாகும்போது காவலுக்கு வந்தவனை மக்கள் நன்றியோடு நினைத்தார்கள் என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, பயிரழிப்பில் முன்னிற்பவை பெரும்பாலும் வளர்ந்த ஆண் யானைகள். ரொஜர்ஸ் இருபது ஆண்டு வேட்டையாடினார் என்று கொண்டாலும் ஆண்டுக்கு எழுபது, அதாவது ஐந்து நாளுக்கு ஒன்று வீதம் சுட்டால்தான் 1,400 என்ற தொகை வரும். ஒரே நாளில் கூட்டத்தையே, பெட்டையும் கன்றுமாகச் சுட்டிருந்தால் தவிர இது கைகூடாது. அப்படிச் சுட்டது பயிர்க் காவல் ஆகாது. கூட்டமாகச் சுடவில்லை என்றால், மூன்று பதவி வகித்தவர் ஐந்து நாளுக்கு ஒரு நாள் காட்டில் இருந்திருக்கிறார். வழக்குக்கு வந்தவன் கச்சேரி எனும் அரசாங்கச் செயலக வாசலில் காத்திருந்திருக்கிறான். எந்தப் பக்கம் திரும்பினாலும் பதவிக்கு நற்சாட்சி கிடைக்கவில்லை.

இரண்டாவது பதில் இதைவிட அடிப்படையானது. வெல்லஸ்ஸவின் குளங்களும் வயல்களும் 1818இல் சிதைந்தன. ஊரவர் மாண்டும் ஓடியும் போன இடத்தில் காடு ஏறிற்று. காடு ஏறிய இடத்துக்கு யானை வந்தது. எஞ்சிய சில குடும்பங்கள் வேலியும் ஆளும் இல்லாமல் யானைக் கூட்டத்தை எதிர்கொண்டன. யானையிடமிருந்து ஊரைக் காக்க வந்த அதிகாரி, அந்த ஊரை ஆளில்லாமல் ஆக்கிய அதே இராணுவ ஆட்சியின் வாரிசு. 1818இல் அவர் சிறுவன். அந்த அழிவுக்கு அவர் தனிப்பட்ட முறையில் பொறுப்பில்லை. ஆனால் பதவிக்கு வயது இல்லை. வீட்டைக் கொளுத்தியவனின் வாரிசு கூரை வேயக் கீற்று கொண்டுவந்தால் கீற்றுக்கு நன்றி சொல்லலாம். தீயை மறந்துவிட முடியாது.

யானைக்குப் பின் வீதி. ரொஜர்ஸின் பெயரை நல்ல விதமாகச் சொல்பவர்கள் ஊவாவின் வீதிகளையே முதலில் சொல்வார்கள். இலங்கை மலைநாட்டு வீதிகளின் கதை ஆளுநர் எட்வர்ட் பார்ண்ஸின் காலத்தில் தொடங்கியது. அதை நீண்ட காலம் முன்னெடுத்தவர், பதினான்கு வயதில் படையில் சேர்ந்த தோமஸ் ஸ்கின்னர். ரொஜர்ஸ் அந்த வரிசையில் பதுளைப் பக்கத்து ஆள். வீதி முதலில் துருப்புக்காக வந்தது. 1818இல் பட்ட பாட்டிலிருந்து பிரித்தானியர் கற்ற பாடம் அது. 1830களின் இறுதியிலிருந்து அதே வீதி கோப்பிக்காக நீண்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிநிலச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும், காடு வெட்டிப் பயிரிடும் சேனை நிலத்தையும் அரசுடையதாகக் கருத வழிசெய்தது. அந்தக் காணி 1844 வரை ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்ற தொடக்க விலையில் ஏலம் போனது. பின்னர் அது இருபது ஷில்லிங் ஆயிற்று. காணியை வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களும் அதிகம் இருந்தார்கள். 1840களின் நடுப்பகுதியில் லண்டன் தலையிட்டு உத்தியோகத்தர் தோட்டம் வைப்பதைத் தடுக்கும் அளவுக்கு அது முற்றியிருந்தது. காணி யாருடையது என்று விசாரிப்பவரும், விற்பனையை நடத்துபவரும், தகராறு வந்தால் தீர்ப்பவரும் ஒரே கச்சேரியில் இருந்தபோது சேனைக் காணியை இழந்த கிராமத்தவருக்கு வழக்காட என்ன இடம் மிஞ்சியது?

அந்த வீதியில் ஏறி வந்தவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் சித்திரம் இன்னும் தெளிவாகிறது. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதையில் காடும் காய்ச்சலும் கடந்து நடந்து வந்தவர்கள் கங்காணிகளின் கீழ்த் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். 1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வேலை ஒப்பந்தத்தை மீறுவதைக் குற்றமாக்கியது. தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளி சிறைக்குப் போக நேர்ந்தது. கூலி தராத துரைக்கு எதிராகவும் அதே சட்டத்தில் முறையிடலாம் என்பது ஏட்டளவில் உண்மை. வழி தெரியாத, மொழி தெரியாத, கடனில் மூழ்கிய மனிதன் அந்த வாசலை எத்தனை முறை தட்டியிருப்பான் என்பது யோசித்தாலே தெரியும். வழியில் மாண்டவர்கள் எத்தனை பேர் என்று எவரும் முறையாக எண்ணவில்லை. 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை எழுபதாயிரம் என்ற எண்ணை வெளியிட்டது; அது மிகை என்று மறுத்தவர்களும் உண்டு. சர்ச்சைக்கே காரணம் பதிவேடு இல்லாமைதான். ஒரு மேஜரின் துப்பாக்கிக்கு இரையான யானைகளின் எண்ணிக்கையைச் செயலாளரும் இளவரசரின் மருத்துவரும் வேட்டைக்காரரும் குறித்து வைத்தார்கள். அவர் ஆட்சிக் காலத்தில் அவர் வீதியின் ஓரத்தில் விழுந்த மனிதர்களுக்கு எண்ணிக்கை இல்லை. ஊவாவின் ஆட்சியில் யார் எண்ணப்பட்டார்கள், யார் எண்ணப்படவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இத்தகைய ஆட்சி பிரித்தானியருக்கு மட்டும் உரியதல்ல. தமிழ் வாசகர்கள் பிரெஞ்சுத் தளபதி ஆட்சி என்றால் 1758இல் புதுச்சேரிக்கு வந்து, தஞ்சையை முற்றுகையிட்டு, 1761இல் புதுச்சேரியையே இழந்த லாலியை நினைப்பார்கள். ஊவாவுக்கு நெருங்கிய ஒப்பீடு லாலி அல்ல. 1840இன் இறுதியிலிருந்து 1847 வரை அல்ஜீரியாவின் ஆளுநர் நாயகமாக இருந்த மார்ஷல் புஜோ. வாளால் பிடித்துக் கலப்பையால் காப்பது என்பது அவரது கொள்கை. அறுவடையையும் களஞ்சியத்தையும் அழித்து மக்களைப் பணிய வைப்பது அவரது போர்முறை. 1844இல் முறைப்படுத்தப்பட்ட அரபுக் காரியாலயங்களில் இராணுவ அதிகாரிகளே தகவல் திரட்டினார்கள், வரி தண்டினார்கள், தகராறு தீர்த்தார்கள். பதுளையில் ஒரு தனி மனிதரிடம் வந்து சேர்ந்த பதவிகள் அங்கே ஒரு திணைக்களமாக அமைந்தன. ரொஜர்ஸ் இறந்த அதே 1845 ஜூனில், கேர்ணல் பெலிசியே என்பவர் டஹ்ரா மலைக் குகைகளில் ஒளிந்த உலெட் ரியா கோத்திரத்தாரைப் புகை மூட்டிக் கொன்றார், மாண்டவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். பாரிஸ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. 1847இல் நாடாளுமன்ற உறுப்பினர் டொக்வில் தமது அறிக்கையில் பிரெஞ்சு ஆட்சி முஸ்லிம் சமூகத்தை முன்னிருந்ததை விடத் துயரத்தில் தள்ளிவிட்டதாக ஒப்புக்கொண்டார். பெலிசியேவின் முன்னேற்றம் தடைப்படவில்லை. மார்ஷலாகி, பின்னர் அல்ஜீரியாவின் ஆளுநர் நாயகமும் ஆனார். ரொஜர்ஸின் பெயரில் டஹ்ரா போன்ற கொடுமை எதுவும் இல்லை என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். ஒப்பீட்டின் பயன் வேறு: தேசம் மாறினாலும், ஆள் கொடியவரானாலும் நல்லவரானாலும், போரில் வென்ற நிலத்தைப் படை அதிகாரியிடம் விட்டால் வரியும் நீதியும் ஒரே கைக்குப் போகின்றன, அடுத்து காணி கைமாறுகிறது.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். ஒன்று, அந்தக் காலத்து மனிதனை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கக்கூடாது என்பது. ஆனால் மேலே பயன்படுத்திய அளவுகோல்கள் எல்லாம் அந்தக் காலத்தவை. நீதியையும் நிர்வாகத்தையும் பிரிக்கச் சொன்னவர் கமரன். யானையைச் சுடப் பெரிய குறித்திறன் தேவையில்லை என்று எழுதி வேட்டை வீரத்தின் மதிப்பைக் குறைத்தவர் டெனன்ட். தாமும் நூற்றுக்கணக்கில் யானைகளைச் சுட்ட ஸ்கின்னரே, 1849இல் பிரித்தானிய நாடாளுமன்ற விசாரணைக் குழுவுக்குச் சமர்ப்பித்த குறிப்பில், கண்டிய மக்கள் புறக்கணிக்கப்பட்டதையும் சாராயக் கடைகள் பெருகியதையும் கண்டித்தார். 1848 கிளர்ச்சியை இராணுவச் சட்டத்தால் அடக்கிய ஆளுநர் டொரிங்டன் பதவியை விட்டுப் போகும்படி ஆயிற்று. இராணுவ ஆட்சியின் கோளாறு அக்காலத்தவர் கண்ணுக்குத் தெரியாத ஒன்றாக இருக்கவில்லை. மற்றது, எல்லா வகுப்பாரும் சேர்ந்து ஆலயம் கட்டினார்களே, கெட்டவருக்குக் கட்டுவார்களா என்பது. ரொஜர்ஸ் பழக இனியவராகவும், தீர்ப்பில் நேர்மையானவராகவும் இருந்திருக்கலாம். அதை மறுக்க நம்மிடம் சான்று இல்லை, தேவையும் இல்லை. நல்ல அதிகாரி கிடைத்தது ஊரின் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி நிற்கும் நீதியை நீதி என்று சொல்ல முடியாது. அடுத்து வருபவர் அப்படி இருப்பார் என்பதற்கு அந்த அமைப்பு எந்த உத்தரவாதமும் தரவில்லை.

மூன்றாவது மறுப்பு தமிழரிடமிருந்தே வரும். மிகக் கூர்மையானதும் அதுவே. அந்த வீதி இல்லாவிட்டால் கோப்பி இல்லை. 1869இல் இலைநோய் கோப்பியை அழித்த பிறகு தேயிலையும் இல்லை. அப்புத்தளை தம்பேதன்ன முதல் பதுளை ஸ்பிரிங்வெளி வரை ஊவாத் தோட்டங்களும், அவற்றில் பிறந்து வளர்ந்த சமூகமும் இல்லை. அப்படியிருக்க வீதி போட்டவரைக் குறை சொல்வது நன்றி கெட்ட செயல் ஆகாதா? வீதியின் பயனை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீதியை நமக்காக எவரும் போடவில்லை. போட்டவர்களின் கணக்கில் நாம் செலவுப் பக்கத்தில் இருந்தோம். 1893இல் அப்புத்தளையையும் 1924இல் பதுளையையும் தொட்ட புகையிரதப் பாதைக்கும் இது பொருந்தும். வீதியை மக்கள் வழியாக மாற்றியது அதில் நடந்த மக்களின் உழைப்பு. அதே வீதி, ஒரு பக்கத்தில் சேனைக் காணியை இழந்த சிங்களக் கிராமத்தையும், மறுபக்கத்தில் காணியே இல்லாத தமிழ்த் தோட்டத்தையும் வைத்துப் பிரித்தது. ஒரே சட்டத்தால் பாதிக்கப்பட்ட இரு சாராரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டு நின்ற காலம் நெடிது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்தப் பிளவின் மேல்தான் எழுந்தது. பிளவு தொடங்கிய இடத்தைத் தேடுபவர்கள் 1840களின் கச்சேரிக்குத்தான் போய்ச் சேரவேண்டும்.

இடி விழுந்து இறந்தது தெய்வ தண்டனை என்ற நம்பிக்கையையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். பௌத்தரும் சைவரும் அதைச் சொன்னதற்குக் காரணம் உண்டு: மனித நீதிமன்றத்தில் கேட்க முடியாத வழக்கை வானத்திடம் கொண்டுபோனார்கள். நீதிபதியின் மேல் யாரிடம் முறையிடுவது? ஆனால் அந்தக் கதையே இன்று நமக்குத் தடையாகிவிட்டது. தண்டனை நிறைவேறிவிட்டது என்று எண்ணி வழக்கையே மூடிவிட்டோம். யானைக்காக வானம் தண்டித்தது என்னும்போது, காணிக்கும் வரிக்கும் வழியில் மாண்டவர்களுக்கும் பதில் கேட்க யாரும் இல்லாமல் போகிறது.

2016 டிசம்பரில் இலங்கை அரசு 1818 கிளர்ச்சியில் துரோகிகள் என்று அறிவிக்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ தலைவர்கள் பத்தொன்பது பேரின் மீதிருந்த அந்த அறிவித்தலை நீக்கி, அவர்களைத் தேசிய வீரர்களாகப் பிரகடனம் செய்தது. கிளர்ச்சி செய்தவர்களின் பெயர் திருத்தப்பட்டது. கிளர்ச்சியை அடக்கப் பிறந்த பதவியின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. பழைய கச்சேரிகளின் ஆவணங்கள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கின்றன. ஊவாவின் பல்கலைக்கழக மாணவர்களும் மலையக ஆய்வாளர்களும் அங்கே போய், யானைகளை விட்டுவிட்டு, காணி விற்பனையையும் வழக்குகளையும் எண்ணத் தொடங்க வேண்டும். தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் துணிச்சலான வேட்டைக்காரர், உழைப்புள்ள அதிகாரி, அநேகமாக நல்ல நண்பர். அவர் அமர்ந்திருந்த பதவியோ யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத அதிகாரத்தின் வடிவம். இந்த இரண்டையும் வேறுபடுத்திச் சொல்லாத எந்த வரலாறும் பதுளையின் வரலாறு ஆகாது.